பாட்டுக்குச் சுண்டல், ஜோக்குக்குச் சாக்லேட்

2011 அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் டெமாய்ன் நகரத்துக்கு நாங்கள் குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. குழந்தைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வருகிற ஹாலோவீன் என்றால் அக்டோபர் 31 என்பது எனக்குத் தெரியும். அதற்காக இரண்டு பை சாக்லேட் வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தேன். அன்று மாலை ஆறு மணிக்கு, ரசம் நுரை கட்டும் நேரத்தில், அழைப்பு மணி அடித்தது. அடுப்பைத் தணித்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு தேனீ, ஒரு தீயணைப்பு வீரர், வெள்ளைத் துணியில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்ட ஒரு பேய். மூன்று பேருக்கும் ஏழெட்டு வயதுக்கு மேல் இருக்காது.

நாளைக்கு வர வேண்டியவர்கள் இன்றே வந்துவிட்டார்களே என்று நினைத்தபடி சாக்லேட் பையை எடுத்து வந்தேன். பை திறக்கும் முன்பே தேனீ என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டது: "எலும்புக்கூடு ஏன் நடன விருந்துக்குப் போகவில்லை?" நான் விழித்தேன். பதிலையும் தேனீயே சொன்னது. ஆங்கிலத்தில் 'கூடப் போக ஆளில்லை' என்பதும் 'உடம்பில்லை' என்பதும் ஏறக்குறைய ஒரே ஒலியில் வரும், அதுதான் ஜோக். எனக்குப் புரிவதற்குள் தீயணைப்பு வீரர் தன்னுடையதைத் தொடங்கியிருந்தார். பேய்க்கு மறந்துவிட்டது. மற்ற இரண்டு பேரும் அதன் காதில் கிசுகிசுத்தார்கள். சொல்லி முடித்த பிறகுதான் மூன்று பேரும் பையை நீட்டினார்கள்.

அமெரிக்காவின் பெரும்பாலான ஊர்களில் குழந்தைகள் 'ட்ரிக் ஆர் ட்ரீட்', அதாவது தின்பண்டம் தருகிறாயா, சேட்டை செய்யட்டுமா என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு மிட்டாயை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். டெமாய்னில் அப்படி இல்லை. இங்கே மிட்டாய்க்கு விலை உண்டு, அந்த விலை ஒரு ஜோக். 2024 வரை நாளும் வேறாக இருந்தது: வழக்கமாக அக்டோபர் 30, மாலை ஆறு முதல் எட்டு வரை. அதற்கு 'பெக்கர்ஸ் நைட்' என்று பெயர். பிச்சைக்காரர் இரவு.

இந்த வழக்கம் 1938இல் தொடங்கியது. அந்தக் காலத்து ஹாலோவீன் சாக்லேட் பண்டிகை அல்ல, சேட்டைப் பண்டிகை. ஜன்னல் உடைப்பது, வேலியைப் பிடுங்கிப் போடுவது, தெருவில் நெருப்பு வைப்பது என்று இளவட்டங்கள் போட்ட ஆட்டத்தில் போலீசுக்குப் புகார் மேல் புகார். நகர விளையாட்டுத் திடல் ஆணையத்தில் பொழுதுபோக்குப் பிரிவின் இயக்குநராக இருந்த கேத்ரின் க்ரீக் என்ற பெண்மணி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஹாலோவீனுக்கு முந்தின இரவைக் குழந்தைகளுக்கென்று ஒதுக்குவது. அவர்கள் வீடு வீடாகப் போய் ஒரு பாட்டோ கவிதையோ வித்தையோ செய்து காட்டித் தின்பண்டம் வாங்கிக்கொள்வது. மிரட்டி வாங்காமல் சம்பாதித்து வாங்க வேண்டும் என்பதுதான் அதில் இருந்த எண்ணம். காலப்போக்கில் பாட்டும் வித்தையும் தேய்ந்து ஜோக் மட்டும் நின்றது.

இதைக் கேள்விப்பட்டதும் எனக்கு நவராத்திரிதான் நினைவுக்கு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவில் கொலு வைத்த வீடு எத்தனையோ, அத்தனை வீட்டுக்கும் பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவோம். கொலுவுக்கு முன்னால் உட்காரவைத்து, "ஒரு பாட்டுப் பாடு கண்ணு" என்பார்கள். நான் எல்லா வீட்டிலும் ஒரே பாட்டைத்தான் பாடுவேன். அதற்குப் பிறகுதான் தொன்னையில் சுண்டல் வரும். இன்றைக்குக் கடலைச் சுண்டலா, பட்டாணியா என்று அடுப்படிப் பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டே பாடிய ஞாபகம் இருக்கிறது. ஊர் வேறு, சாமி வேறு. ஆனால் வாசலில் நிற்கிற பிள்ளையிடம் 'நீ என்ன கொண்டுவந்தாய்' என்று கேட்டுவிட்டுத் தருகிற முறை ஒன்றேதான். அன்றிலிருந்து இந்த வழக்கத்தின் மேல் எனக்கு ஒரு பாசம். பதிமூன்று வருடமாக இது எங்கள் தெருவில் மாறிக்கொண்டே வருவதைப் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது பீவர்டேல் என்ற பகுதி. கூம்புக் கூரை போட்ட பழைய செங்கல் வீடுகளுக்குப் பெயர் போனது. எதிர்வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்து வளர்ந்தது எல்லாம் இதே ஊர். 1941இல் பிறந்தவர் என்பதால், அவருடைய முதல் சில பெக்கர்ஸ் நைட்டுகள் போர்க்காலத்துக்குள் போய்விட்டன. அமெரிக்காவில் 1942இலிருந்து 1947 வரை சர்க்கரைக்கு ரேஷன். இந்த ஊரில் தின்பண்டத்துக்காகத் தொடங்கிய ஒரு வழக்கம் நாலே வருடத்தில் சர்க்கரை இல்லாமல் போனது. ரேஷன் முடிந்த வருடம் அவருக்கு ஆறு வயது. நாடு முழுவதும் ஹாலோவீனுக்கு வீடு வீடாகத் தின்பண்டம் கேட்கிற வழக்கம் பெருகியதும் அதற்குப் பிறகுதான்.

"அப்போதெல்லாம் பையில் என்ன விழும் தெரியுமா?" என்று அவர் விரல் விட்டு எண்ணுவார். ஆப்பிள். தோல் உரிக்காத வால்நட். மெழுகுத்தாளில் சுற்றிய பிஸ்கட். ஒரு வீட்டில் ஒரு சென்ட் காசு. எல்லாவற்றையும் விட முக்கியமாகச் சோளப்பொரி உருண்டை. எந்த வீட்டு உருண்டையில் வெண்ணெய் கூட, எந்த வீட்டுப் பாகு பல்லில் ஒட்டும் என்பது தெருவிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்குமாம். சோளம் விளைகிற மாநிலம் இது. சாக் சிட்டி என்ற சின்ன ஊரில் 2016இல் 9,370 பவுண்டு எடையில் ஒரு பொரி உருண்டை செய்து வைத்திருக்கிறார்கள், ஏறக்குறைய 4,250 கிலோ. அந்த ஊர்க்காரர்களுக்கு அதில் அவ்வளவு பெருமை.

பாட்டி வளர்ந்து, ஆசிரியையாகி, தன் வீட்டு வாசலில் நின்று வருடா வருடம் அதே உருண்டையைக் கொடுத்து வந்திருக்கிறார். 1982இல் நிறுத்திவிட்டார்.

அந்த வருடம் செப்டம்பர் கடைசியில் சிகாகோ சுற்றுவட்டாரத்தில் யாரோ டைலனால் என்ற வலி மாத்திரைக் குப்பிகளில் சயனைடு கலந்து வைத்து ஏழு பேர் இறந்துபோனார்கள். இங்கிருந்து சிகாகோ ஐந்து மணி நேரக் கார்ப் பயணம். அடுத்த மாதமே ஹாலோவீன். முன்பே ஒரு பயம் இருந்தது: 1974இல் டெக்சாஸ் மாநிலம் டீர் பார்க்கில் எட்டு வயதுப் பையன் ஒருவன் சயனைடு கலந்த மிட்டாய்ப் பொடி தின்று இறந்தான். கொடுத்தது முன்பின் தெரியாதவர் இல்லை, காப்பீட்டுப் பணத்துக்கு ஆசைப்பட்ட அவன் அப்பாவே. ஆனால் ஊர் அதை அப்படி ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. 'யாரோ விஷம் கொடுத்துவிட்டார்கள்' என்றுதான் பரவியது. ஆப்பிளுக்குள் பிளேடு என்றார்கள். குழந்தைகளின் மிட்டாய்ப் பையை ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் 1958 முதலான செய்திகளை எல்லாம் பல வருடம் அலசிப் பார்த்தவர். முன்பின் தெரியாத ஒருவர் கொடுத்த ஹாலோவீன் தின்பண்டத்தால் ஒரு குழந்தை இறந்ததாகவோ படுகாயம் அடைந்ததாகவோ ஒரு சம்பவத்தைக்கூட உறுதிப்படுத்த முடியவில்லை என்பது அவர் கண்ட முடிவு. அதற்குள் வழக்கம் மாறிவிட்டது. கம்பெனி உறை பிரிக்காமல் இருந்தால்தான் பைக்குள் போகும். வீட்டில் செய்தது எதுவானாலும் குப்பைக்குப் போகும்.

"அந்த வருடம் நாற்பது உருண்டை செய்தேன்," என்று பாட்டி ஒருமுறை சொன்னார். "குழந்தைகள் வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் காலையில் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் என் மெழுகுத்தாளைப் பார்த்தேன். பிரிக்கவே இல்லை." யாரையும் அவர் குறை சொல்லவில்லை. தன் பிள்ளைகள் கொண்டுவந்ததையும் தானே தூக்கிப்போட்டதாகச் சொன்னார்.

2016இல் அம்மா எங்களோடு ஆறு மாதம் இருந்தாள். அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 29, சனிக்கிழமை. மறுநாள் பெக்கர்ஸ் நைட். பெயரைத் தமிழில் சொன்னதும் அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "நம்ம பிள்ளையப் போய் வீடு வீடா கையேந்த விடறதா?" என்றாள். பேத்திக்கு அப்போது நாலு வயது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவள் பிறகு தானாகவே சொன்னாள்: "புரட்டாசி சனிக்கிழமைக்கு உங்க மாமா நாமம் போட்டுக்கிட்டு, சொம்பு எடுத்துக்கிட்டு, தெருவெல்லாம் கோவிந்தா போட்டு அரிசி வாங்கிட்டு வருவாரு. அதுவும் கையேந்தறதுதானே. சரி, போகட்டும்."

சரி என்று சொன்னவள் அடுத்து ஒரு திட்டம் போட்டாள். தீபாவளிக்குச் சுட்ட முறுக்கு இரண்டு டப்பா நிறைய இருந்தது. வருகிற குழந்தைகளுக்கு ஆளுக்கு இரண்டு முறுக்கு கொடுக்கலாமே என்றாள். வீட்டில் செய்ததைக் கொடுக்கக் கூடாது என்று நான் சொன்னபோது அவளுக்குப் புரியவே இல்லை. "கடையில வாங்கினா நல்லது, நான் செஞ்சா விஷமா?" என்று கேட்டாள். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். 1982ஐ அவளுக்கு எப்படி விளக்குவது? சிகாகோ, டெக்சாஸ், மாத்திரை என்று ஏதேதோ சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த எதிர்வீட்டம்மாவுக்காவது கொடுக்கலாமா?" என்றாள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் தட்டில் முறுக்கு, ரவா லட்டு, கொஞ்சம் மிக்சர் வைத்து, மேலே ஒரு துணி மூடி, இரண்டு பேரும் தெருவைக் கடந்து போனோம். பாட்டி அங்கேயே ஒரு முறுக்கை ஒடித்து வாயில் போட்டார். 'இது எப்படிச் சுற்றுவது' என்று விரலால் காற்றில் சுற்றிக் கேட்டார். அம்மாவும் காற்றில் சுற்றிக் காட்டினாள்.

மறுநாள் மத்தியானம் தட்டு திரும்பி வந்தது. தட்டை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்ற நம் ஊர் வழக்கம் அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் தட்டில் மெழுகுத்தாள் சுற்றிய ஆறு உருண்டைகள் இருந்தன. 34 வருடம் கழித்துச் செய்திருக்கிறார். அம்மா ஒன்றைப் பிரித்துப் பார்த்ததும், "இது பொரி உருண்டைடி! கார்த்திகைக்குப் பிடிப்போமே, அதுதான்," என்றாள். அங்கே அரிசிப்பொரியும் வெல்லமும். இங்கே சோளப்பொரியும் சர்க்கரையும். உடனே அவளுக்குப் பாகுப் பதம் தெரிய வேண்டும். என்னை நடுவில் நிறுத்திக் கேட்கச் சொன்னாள். ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் வைத்து, அதில் ஒரு சொட்டுப் பாகை விட்டு, விரலால் உருட்டிப் பார்ப்பேன் என்றார் பாட்டி. நான் மொழிபெயர்க்கும் முன்பே அம்மா தலையை ஆட்டிவிட்டாள். அவளும் அப்படித்தான் பார்ப்பாள். கையில் சூடு தாக்காமல் இருக்கவும் ஒட்டாமல் வரவும் அவள் அரிசிமாவு தொட்டுக்கொள்வாள், பாட்டி வெண்ணெய் தடவிக்கொள்வார். அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்று மாலை என் மகள் எதிர்வீட்டு வாசலில்தான் தன் முதல் ஜோக்கைச் சொன்னாள். அம்மா சொல்லிக் கொடுத்த விடுகதையை நான் ஆங்கிலத்தில் பழக்கியிருந்தேன்: வெள்ளை மாளிகை, ஆனால் வாசலே இல்லை. அது என்ன? அமெரிக்காவில் வெள்ளை மாளிகை என்றால் ஒன்றுதானே. பாட்டி வாஷிங்டனையே சுற்றிச் சுற்றி வந்தார். "முட்டை!" என்று கத்தினாள் மகள். அந்த விடுகதையை அவர் அடுத்தடுத்த வருடங்களில் வந்த குழந்தைகளுக்கெல்லாம் திருப்பிப் போட்டார்.

அப்புறம் வந்த மாற்றங்களில் நான் மனமாரக் கொண்டாடுகிற ஒன்று, நீலப்பச்சைப் பூசணிக்காய். டென்னஸியில் ஒவ்வாமையுள்ள குழந்தைகளின் பெற்றோர் தொடங்கியதை 2014இல் ஓர் ஒவ்வாமை அமைப்பு நாடு முழுவதும் கொண்டுபோனது. வாசலில் அந்த நிறத்தில் ஒரு பூசணிக்காய் இருந்தால், தின்பண்டம் அல்லாத பரிசும் இந்த வீட்டில் உண்டு என்று பொருள். என் மகளின் வகுப்பில் ஒரு பையனுக்கு நிலக்கடலை ஆகாது. ரீசஸ், ஸ்னிக்கர்ஸ் என்று இங்கே எல்லோருக்கும் பிடித்த சாக்லேட் பாதியில் நிலக்கடலைதான். ஒவ்வொரு வருடமும் தெரு முழுக்க ஜோக் சொல்லிச் சேர்த்ததை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கொட்டிவிட்டு, நாலைந்தை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்வானாம். 2018இல் நாங்களும் அந்தப் பூசணிக்காயை வைத்தோம். இருட்டில் ஒளிரும் வளையல், பென்சில், ஸ்டிக்கர். அவன் எங்கள் வாசலில் மூன்று ஜோக் சொன்னான், ஒன்றே போதும் என்றாலும்.

2020 எல்லாவற்றையும் வாசலை விட்டு வெளியே தள்ளியது. கொரோனா. கார் நிறுத்தும் பாதையின் முனையில் மேசை போட்டு, சின்னச் சின்னப் பைகளில் சாக்லேட்டைக் கட்டி வரிசையாக வைத்தோம். பக்கத்து வீட்டில் படிக்கட்டுக் கைப்பிடியில் நீளமான பிளாஸ்டிக் குழாயைக் கட்டி, மேலிருந்து சாக்லேட்டை உருட்டிவிட்டார்கள். குழந்தைகள் கீழே பையைப் பிடித்தார்கள். முகக்கவசத்துக்குள்ளிருந்து ஜோக்கைக் கத்திச் சொன்னார்கள். பாட்டி கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது. அந்த வருடம் அப்படி இருந்ததில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நடந்ததே பெரிது.

ஆனால் நோய் போன பிறகும் மேசைகள் உள்ளே போகவில்லை. மேசை கிண்ணமாயிற்று. கிண்ணத்தில் 'ஒன்று மட்டும் எடுக்கவும்' என்ற அட்டை. வீட்டுக்காரர் உள்ளே இருக்கிறார், அல்லது தன் பிள்ளைகளோடு வெளியே போயிருக்கிறார். 2022இல் ஒரு சிறுமி அப்படி ஒரு கிண்ணத்தின் முன் நின்று தயங்கியதைப் பார்த்தேன். சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு கிண்ணத்திடமே ஜோக்கைச் சொல்லிவிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். கூட வந்த அப்பா சிரித்தார். எனக்குத் தொண்டை அடைத்தது. பிள்ளை வழக்கத்தை விடவில்லை. நாம்தான் கதவுக்குப் பின்னால் போய்விட்டோம்.

தெருவில் சிலருக்கு வேறு மனக்குறை உண்டு. வேறு பகுதிகளிலிருந்து கார்களில் வந்து இறங்குகிறார்கள், நம் தெருப் பிள்ளைகளுக்கு வாங்கியது ஏழரைக்கே தீர்ந்துவிடுகிறது என்பார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. நெடுஞ்சாலை ஓரத்து அடுக்ககத்தில் இருக்கிற பிள்ளைக்கு நடந்து போக ஒரு தெரு வேண்டாமா? கொலுவுக்கு வந்த பிள்ளையை எந்தத் தெரு என்று கேட்டா சுண்டல் கொடுத்தோம்? போன வருடம் பர்மியப் பிள்ளைகள் ஐந்து பேர் ஒரு வேனிலிருந்து இறங்கி வந்தார்கள். மூத்தவள் ஜோக் சொன்னாள், மற்ற நால்வரும் சரியான இடத்தில் சிரித்தார்கள். பல தடவை ஒத்திகை பார்த்திருக்க வேண்டும்.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023இல் ஹாலோவீன் மிட்டாய்க்கு மட்டும் அமெரிக்கர்கள் 360 கோடி டாலர் செலவழிப்பார்கள் என்று சில்லறை வணிகக் கூட்டமைப்பு கணக்கிட்டது. அடுத்த வருடம் கோகோ விலை தலைகால் புரியாமல் ஏறியது. 2024 வசந்தத்தில் ஒரு டன் 10,000 டாலரைத் தாண்டியது. உலகக் கோகோவில் பாதிக்கு மேல் தருகிற ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் மழை பிசகி, மரங்களில் நோய் விழுந்து, காய்ப்பு குறைந்ததுதான் காரணம். எங்கள் தெருவில் அது உடனே தெரிந்தது. சாக்லேட் இருந்த இடத்தில் ஜவ்வு மிட்டாய், சின்னச் சிப்ஸ் பாக்கெட். குழந்தைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. பெரியவர்கள்தான் கணக்குப் பார்த்தோம்.

2024 அக்டோபர் 30 அன்று பலத்த மழையும் காற்றும் வரும் என்று எச்சரிக்கை. நகர நிர்வாகம் பெக்கர்ஸ் நைட்டை ஒரு நாள் தள்ளி 31க்கு மாற்றியது. இந்த ஊர்க்காரர்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. எங்களுக்கோ 31 தீபாவளி. விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, அம்மாவிடம் வீடியோவில் ஆசீர்வாதம் வாங்கி, மகள் பள்ளிக்குப் போனாள். வியாழக்கிழமை, விடுமுறையில்லை. மாலை வாசற்படியில் இரண்டு பக்கமும் அகல் வைத்தேன். காற்று அணைத்துக்கொண்டே இருந்ததால் கண்ணாடிக் குடுவைகளுக்குள் வைத்தேன். பக்கத்தில் நீலப்பச்சைப் பூசணிக்காய்.

எதிர்வீட்டில் இப்போது வேறு குடும்பம். பாட்டி 2023இல் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். அன்று மத்தியானமே அந்தத் தட்டை அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருந்தேன், முறுக்கோடு.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. இந்த வருடம் நான் போகவில்லை, வாசலில் நான் உட்காருகிறேன் என்றாள். மேசை வேண்டாம், கிண்ணம் வேண்டாம் என்று அவளே சொன்னாள். படியில் பாய் விரித்து, மடியில் சாக்லேட் கூடையை வைத்துக்கொண்டு, தீபாவளிப் புதுச் சுடிதாரின் மேல் குளிர்க்கோட்டு போட்டு உட்கார்ந்தாள். வந்தவர்கள் எல்லாம் அது என்ன வேஷம் என்று கேட்டார்கள். வேஷம் இல்லை, இன்றைக்கு எங்கள் பண்டிகை என்றாள். பதினான்கு வயதுப் பையன்கள் நாலு பேர் எந்த வேஷமும் இல்லாமல் வந்து கூச்சத்தோடு நின்றார்கள். அவர்களிடமும் ஜோக் கேட்டாள். முதலில் முணுமுணுத்தவர்கள், அப்புறம் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு ஆறேழு சொன்னார்கள்.

எட்டு மணியாகப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு டைனோசர் படியேறி வந்தது. மூன்று வயது இருக்கும். வால் படியில் தட்டித் தட்டி வந்தது. அவன் அப்பா கீழேயே நின்றுகொண்டார்.

"டக் டக்," என்றான். இங்கே ஒரு வகை ஜோக் உண்டு. கதவைத் தட்டுவது போலத் தொடங்க வேண்டும், எதிரில் இருப்பவர் யாரது என்று கேட்க வேண்டும், வருகிற பெயரில் சிலேடை இருக்கும்.

"யாரது?" என்று கேட்டாள் மகள்.

அவன் அவளைப் பார்த்தான். விளக்கைப் பார்த்தான். கீழே அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். பின்னால் இரண்டு குழந்தைகள் வரிசையில் வந்து நின்றார்கள். மகள் அவசரப்படுத்தவில்லை, கூடையில் கையும் வைக்கவில்லை.

"நான்தான்," என்றான் டைனோசர்.